போதையிலிருந்து மீண்டவரே ஆலோசகராக வேலைக்குப் போகலாமா? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வெண்நாரை (கேள்வி)

வணக்கம். நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் எழுதுகிறேன். நான் ஒரு செவிலியர். வலிக்குப் போடும் ஊசி மருந்தில் மாட்டிக்கொண்டு, அது வெளியே தெரிந்து, வேலை போய், சிகிச்சைக்குப் போய், அப்புறம் மெல்ல மெல்ல எழுந்து வந்தவள். சில வருடங்களாக எதையும் தொடவில்லை. மீண்டவர்கள் கூடிப் பேசும் மீட்டிங்குக்குத் தவறாமல் போகிறேன், எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக ஸ்பான்சர் ஒருவர் இருக்கிறார், வேலைக்கும் திரும்பிவிட்டேன். ஊசி மருந்து கைக்கு வராத ஒரு பிரிவில் இருக்கிறேன்.

விடுமுறை நாட்களில் ஒரு மறுவாழ்வு மையத்தில் போய் உதவி செய்துகொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, குடும்பத்தாரைச் சமாதானப்படுத்துவது, இப்படித்தான். இப்போது அந்த மையத்தில், முழுநேர ஆலோசகராக வந்துவிடுங்கள், பயிற்சியும் கொடுக்கிறோம் என்கிறார்கள். கேட்டதும் மனசு நிறைந்துபோனது, மறைக்காமல் சொல்கிறேன். எதற்காகத் தலைகுனிந்து நின்றேனோ அதுவே ஒருவருக்குப் பயன்படும் என்றால் வேறென்ன வேண்டும்?

ஆனால் போன வாரம் ஒரு அம்மா மகனைச் சேர்க்க வந்தார். நானும் இப்படி இருந்து மீண்டவள்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “டாக்டர் சொன்னது எதுவும் எனக்குப் புரியலம்மா, நீ பார்த்துக்கோ, நீ சொன்னா அவன் கேப்பான்” என்றார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துப் பையில் திணித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையனின் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. மீண்டவள் என்பதற்காக மட்டும் இவ்வளவு நம்பிக்கை வைத்தால் அதை நான் தாங்குவேனா? என் கதையை எவ்வளவு சொல்லலாம்? மாலையில் நான் போகிற மீட்டிங்குக்கே என்னிடம் சிகிச்சை எடுப்பவர்களும் வந்தால் என்ன செய்வது? கணவருக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை, “வெளியே வந்த கிணற்றிலேயே திரும்ப இறங்கப் போகிறாயா” என்கிறார். இந்த வழியில் போனவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

ஆலமரத்தடி

சகோதரி, நான் குடியிலிருந்து மீண்டவன், இந்த வேலையில்தான் தலை நரைத்தது. உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதே நேரம் உங்களைப் போன்றவர்கள் இந்த வேலைக்குத் தேவை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் ஒரு பழைய விஷயம். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பைத் தொடங்கிய பில் வில்சன் ஒரு பங்குச் சந்தைக்காரர். 1934 டிசம்பரில் குடியை நிறுத்திய கையோடு நியூயார்க்கில் கண்ணில் பட்ட குடிநோயாளிகளை எல்லாம் திருத்தக் கிளம்பினார். மாதக்கணக்கில் அலைந்தும் ஒருவர்கூட நிறுத்தவில்லை. ஆனால் அவர் குடிக்காமல் இருந்தார். 1935 மே மாதம் வியாபார விஷயமாக ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துக்குப் போய், அது கைகூடாமல், ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கும்போது ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. உள்ளே போய்விடுவோம் என்று பயந்து, பேச இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று தொலைபேசியில் தேடியபோது கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை நிபுணர். அன்று பில் அவரைக் காப்பாற்றப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். டாக்டர் பாப் காதுகொடுத்துக் கேட்டதே அதனால்தான். அந்த ஜூன் 10 அவர் கடைசியாகக் குடித்த நாள், அதையே ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதற்கப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்வி. பில் சிகிச்சை பெற்ற அதே டவுன்ஸ் மருத்துவமனையின் உரிமையாளர் அவரைக் கூப்பிட்டு, இங்கேயே ஆலோசகராக வந்துவிடு, அறை தருகிறேன், பணம் தருகிறேன், லாபத்திலும் பங்கு தருகிறேன் என்றார். அப்போது பில் கையில் காசில்லை, மனைவி லோயிஸ் வேலைக்குப் போய்த்தான் வீடு ஓடியது. சந்தோஷமாகக் குழுவிடம் வந்து சொன்னார். குழு வேண்டாம் என்றது. நாம் ஒருவருக்கொருவர் சும்மா கொடுப்பதைக் கூலிக்குக் கொடுக்க ஆரம்பித்தால் இது கெட்டுப்போகும் என்றார்கள். பில் வேலையை விட்டுக்கொடுத்தார்.

அப்படியானால் மீண்டவர் யாரும் சம்பளம் வாங்கவே கூடாதா என்றால் அதுவும் இல்லை. 1950-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் வில்மர் அரசு மருத்துவமனையிலும் ஹேசல்டன் என்ற சிகிச்சை மையத்திலும் மீண்டவர்களையே ஆலோசகர்களாக எடுத்து, மருத்துவர், உளவியலாளர், செவிலியர், மதகுரு இவர்களோடு ஒரே அணியாக உட்காரவைத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பல மையங்கள் நடப்பது அந்த வழியில்தான். ஏ.ஏ.வும் இதற்கு ஒரு வரம்பு வைத்தது. கூட்டத்தில் ஒருவருக்கொருவர் செய்யும் உதவிக்குக் காசு கிடையாது, ஆனால் ஒரு உறுப்பினர் வெளியே ஆலோசகராகத் தொழில் செய்து சம்பளம் வாங்கினால் அது அவர் தொழில். அங்கே அவர் விற்பது தன் மீட்சியை அல்ல, கற்றுக்கொண்ட திறமையை.

இந்த வித்தியாசம் பிடிபட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு வழி கிடைத்துவிடும். வேலை நேரத்தில் நீங்கள் ஆலோசகர். மீட்டிங்கில் நீங்களும் ஒரு நோயாளி, அங்கே உங்களுக்கும் அழ இடம் வேண்டும். உங்களிடம் சிகிச்சை எடுக்கும் பையன் பக்கத்து நாற்காலியில் இருந்தால் உங்கள் வாயிலிருந்து உண்மை வராது, நல்ல முன்மாதிரியாகத்தான் பேசுவீர்கள். வாராவாரம் அப்படிப் பேசிப் பழகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை, மையத்து ஆட்கள் வராத மீட்டிங் ஒன்றை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இணையவழிக் கூட்டங்களும் இருக்கின்றன. அப்புறம், உங்களிடம் சிகிச்சையில் இருப்பவருக்கு நீங்களே ஸ்பான்சராக இருக்கக் கூடாது. எவ்வளவு கெஞ்சினாலும் கூடாது. ஸ்பான்சர் நடு இரவிலும் போனை எடுப்பார், எதையும் எழுதி வைக்கமாட்டார். ஆலோசகர் குறிப்பு எழுதுவார், டாக்டரிடம் சொல்வார், ஆபத்து என்றால் குடும்பத்தைக் கூப்பிடுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் அந்தப் பையன் எதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் திண்டாடுவான்.

இன்னொன்று. மையத்தில் உங்களை மேற்பார்வை செய்ய ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டைப் பார்ப்பவரைச் சொல்லவில்லை. இந்த நோயாளியைப் பார்த்தால் எனக்கு என் பழைய நாட்கள் ஞாபகம் வந்து கை நடுங்குகிறது என்று போய்ச் சொல்லக்கூடிய ஒருவரைச் சொல்கிறேன். இல்லை என்றால் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

---

தீப்பொறி

மன்னிக்கவும், இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? அனுபவிக்காதவர்களுக்கு இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பார்த்த படித்த ஆலோசகர்கள் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துப் பேசினார்கள். மீண்ட ஒருவர் வந்து உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே, நான் எங்கே ஒளித்துவைப்பேன், என்ன பொய் சொல்வேன் எல்லாம் அவர் சொல்லிவிட்டார். அன்றுதான் நான் பொய் சொல்வதை நிறுத்தினேன். அக்கா, நீங்கள் போங்கள். உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

---

மாலைநேர மருத்துவர்

நான் மனநல மருத்துவர். போதைச் சிகிச்சைப் பிரிவில் மீண்ட ஆலோசகர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன், நானே மீண்டவன் அல்ல. தீப்பொறி சொன்னது அவருக்கு நடந்தது, அதை நான் மறுக்கப் போவதில்லை. முதல் நாள் கதவைத் திறப்பதில் அவர்களுக்கு உள்ள கை எனக்குக் கிடையாது, அதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் மீண்டவர் என்பதாலேயே நல்ல ஆலோசகர், மீளாதவர் என்பதாலேயே மோசம் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. இரண்டு தரப்பிடமும் சிகிச்சை எடுத்தவர்களின் நிலை பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது. வித்தியாசம் காட்டியது வேறு விஷயம்: எதிரே இருப்பவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, மோதாமல், அவர் பக்கமிருந்து புரிந்துகொள்கிற பழக்கம். அது மீண்டவர்களிடமும் உண்டு, மற்றவர்களிடமும் உண்டு. இருவரிடமும் இல்லாமலும் போவது உண்டு.

வெண்நாரை, நீங்கள் செவிலியர் என்பதால் இது சுலபமாகப் புரியும். சொந்த அனுபவம் கற்றுத்தராத சில விஷயங்கள் இந்த வேலையில் உயிர் சம்பந்தப்பட்டவை. பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48-லிருந்து 72 மணி நேரம் என்கிற கட்டத்தில் ஆள் குழம்பி, இல்லாததைப் பார்த்து, காய்ச்சலும் நடுக்கமுமாக மோசமான நிலைக்குப் போகலாம், அதில் உயிரும் போகலாம். நான் படுக்கையில் சுருண்டு கிடந்தே நிறுத்தினேன், உனக்கென்ன என்று சொல்கிற மீண்ட ஆலோசகரை நான் பார்த்திருக்கிறேன். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் உடம்புக்கு நடந்தது இன்னொரு உடம்புக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. அதேபோல ஓபியாய்டு மருந்தை (வலி ஊசி, ஹெராயின் போன்றவை) நிறுத்திச் சில வாரங்கள் ஆனவர், பழைய அளவையே திரும்ப எடுத்தால் உடம்பு தாங்காது. சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. அந்த அம்மா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த இடத்தில்தான் மனசு நின்றுவிட்டது. நால்ட்ரெக்சோன், மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற, போதைச் சிகிச்சையில் கொடுக்கும் மருந்துகள் ஏமாற்று வேலை, ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று மீண்டவர்களில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். 1960-களில் மெத்தடோன் சிகிச்சையைக் கொண்டுவந்த வின்சென்ட் டோல் என்ற மருத்துவர் ஏ.ஏ.வின் அறங்காவலர் குழுவிலும் இருந்தார். மருந்தும் இல்லாமல் கூட்டமும் பிடிக்காமல் விழுந்துகொண்டே இருக்கிறவர்களுக்காக, குடிநோய்க்கும் இப்படி ஒரு மருந்து கண்டுபிடிக்க முடியாதா என்று பில் வில்சனே தன்னிடம் கேட்டதாக அவர் பின்னாளில் எழுதினார். இதை நான் எங்கள் பிரிவில் சேரும் ஒவ்வொரு மீண்ட ஆலோசகரிடமும் சொல்கிறேன். நீங்கள் எந்த வழியில் வந்தீர்களோ அது ஒரு வழி. வாசலில் நிற்பவருக்கு வேறு வழி தேவைப்படலாம்.

கூட்டங்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற பேச்சு சிகிச்சைகளைவிட நன்றாகவே வேலை செய்தன. ஆகவே இரண்டும் வேண்டும், அவ்வளவுதான்.

உங்களைப் போல மருத்துவத் துறையில் இருந்து மீண்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவர்களுக்கென்று நடக்கும் மீட்புத் திட்டங்களில் 904 பேரை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 78 சதவீதம் பேருக்கு அந்த ஐந்து வருடத்தில் ஒரு சோதனையில்கூட மதுவோ போதையோ காணப்படவில்லை. டாக்டர்கள் மன உறுதி மிக்கவர்கள் என்பதால் அல்ல. அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை நீளமானது, வருடக்கணக்கில் திடீர்ச் சோதனை உண்டு, மீட்டிங் உண்டு, நழுவினால் உடனே கவனிக்க ஆள் உண்டு. இதெல்லாம் சாதாரண நோயாளிக்கு எப்போது கிடைக்கும் என்பதுதான் எனக்குள்ள ஆதங்கம். நீங்கள் அந்த வேலைக்குப் போனால் உங்களுக்கும் இதெல்லாம் வேண்டும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

---

முல்லைக்கொடி

நான் நோயாளியும் இல்லை, ஆலோசகரும் இல்லை. என் கணவர் மீண்டவர், ஆலோசகர். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தையைப் படித்ததும் நான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

அவர் குடியை நிறுத்தியபோது எங்களுக்கு ஒரு மனிதர் திரும்பக் கிடைத்தார், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். அப்புறம் இந்த வேலை வந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை மற்றவர்கள் அழுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், நாங்கள் ஏதாவது கேட்டால் ஆலோசகர் மாதிரியே பதில் சொல்வார், “நீ அப்படி உணர்கிறாய் என்று புரிகிறது” என்று, எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். இரவு எந்நேரமும் போன். யாரோ ஒருவர் குடித்துவிட்டார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஒரு காலத்தில் எங்களுக்காகவும் யாரோ அப்படிக் கிளம்பி வந்தார்கள்.

பயம் வந்தது எப்போது என்றால், அவர் மீட்டிங் போவதை நிறுத்தியபோது. கேட்டால், நாள் முழுக்க அதைத்தானே பேசுகிறேன், சாயங்காலமும் போய் அதையே பேச வேண்டுமா என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தூக்கம் குறைந்தது, சின்ன விஷயத்துக்குக் கத்தினார், நோயாளிகளைப் பற்றி “இவர்கள் திருந்தமாட்டார்கள்” என்று சலித்துக்கொண்டார். கூட்டத்தில் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள், பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும் வந்தால் உஷார் என்று. அவரிடம் நாலும் ஒன்றாக வந்து நின்றது, மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர் தனக்குப் பார்த்துக்கொள்ளவில்லை. நான் அவர் ஸ்பான்சருக்குப் போன் செய்தேன். அவர் வந்து பேசினார். கணவர் குடிக்கவில்லை, ஆனால் ரொம்பப் பக்கத்தில் போயிருந்தார் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மையத்துப் போன் மையத்திலேயே இருக்கும், இரவில் அவசரம் என்றால் முறை வைத்து ஆள் மாறுகிறார்கள். அவர் மீட்டிங் போகிற நாளில் எந்தக் காரணத்துக்காகவும் யாரும் குறுக்கே வரக் கூடாது. அப்புறம் அவர் ஸ்பான்சரின் எண் என்னிடமும் இருக்கிறது, கவலை வந்தால் நான் கூப்பிடலாம் என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். இதை வேலைக்குச் சேரும் முன்பே உங்கள் கணவரோடு பேசிக்கொள்ளுங்கள்மா. அவர் பயப்படுவதைத் தடையாக நினைக்காதீர்கள், உங்களைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிற கண் அது ஒன்றுதான்.

---

கரைசேர்ந்தவன்

தீப்பொறி தம்பிக்கும் சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் மீண்ட ஆலோசகர்தான் கிடைத்தார். அவர் பேச்சில்தான் நான் நிறுத்தினேன், அவரைக் கடவுளுக்குச் சமமாக வைத்திருந்தேன். ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மையத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை, விடுப்பு என்றார்கள். அவர் திரும்பக் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நோயாளிகளுக்குள்ளேயே காதும் காதும் வைத்த மாதிரி செய்தி பரவியது. அவராலேயே முடியவில்லை என்றால் நமக்கெல்லாம் எப்படி முடியும் என்று அந்த வாரமே ஒருவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார். நான் போகாமல் இருந்ததற்கு என் அண்ணன்தான் காரணம்.

எனக்கு அந்த ஆலோசகர் மேல் கோபம் கிடையாது. இது திரும்பவும் வரக்கூடிய நோய், அவருக்கு வந்தது. கோபமெல்லாம் அந்த மையத்தின் மேல்தான். அவரை நல்லபடியாகச் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கலாம், எங்களை உட்காரவைத்து, அவருக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சை எடுக்கிறார், இனிமேல் உங்களை இவர் பார்ப்பார் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அதைவிட்டு, அவர் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்கிற மாதிரி நடந்துகொண்டார்கள். அவர் எங்களுக்காக உழைத்ததெல்லாம் பொய் என்று ஆகிவிட்டது.

மீண்டவரைப் பீடத்தில் ஏற்றி வைத்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1958-இல் கலிபோர்னியாவில் சினனான் என்று ஒரு மையம் தொடங்கினார் சார்லஸ் டெடெரிக், அவரும் குடியிலிருந்து மீண்டவர். ஹெராயின் எடுத்தவர்களை யாரும் தொடாத காலத்தில் சேர்த்துக்கொண்டார், நாடே புகழ்ந்தது. கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதும் அது ஒரு மதம் மாதிரி ஆகி, உறுப்பினர்களை அடிப்பது, மிரட்டுவது என்று போய், 1978-இல் அவர்களுக்கு எதிராக வழக்கு நடத்திய வக்கீலின் தபால் பெட்டியில் விஷப் பாம்பை வைத்தார்கள். அந்த வழக்கில் போலீஸ் டெடெரிக்கைக் கைது செய்யப் போனபோது அவர் குடித்திருந்தார். அவர் ஆரம்பத்தில் செய்த நல்லது பொய்யில்லை. ஆனால் அவரைப் பார்த்து நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கும் இடத்தில் ஒருவரும் இல்லை.

அதனால் வெண்நாரை, வேலைக்குச் சேரும் முன் அவர்களிடம் கேளுங்கள்: எனக்கு மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்? அதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்க வேண்டும்.

---

வெண்நாரை

எல்லோருக்கும் நன்றி. முல்லைக்கொடி அக்கா எழுதியதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் “ஸ்பான்சர் நம்பரை எனக்கும் கொடு” என்றார். கொடுத்துவிட்டேன்.

அந்தப் பையனைப் பற்றியும் சொல்கிறேன், டாக்டர் கவலைப்பட்டாரே. அம்மாவைத் திரும்ப உட்காரவைத்து, சீட்டை வெளியே எடுக்கச் சொல்லி, எந்த மாத்திரை எப்போது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தேன். செவிலியராக எனக்குத் தெரிந்த வேலை அது. அதைச் செய்யும்போது பயமே வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி பாக்கி. என் கதையை எவ்வளவு சொல்வது? இன்னொன்று, அங்கே ஆள் குறைவு, செவிலியர் என்பதால் இரவில் மருந்து அலமாரிச் சாவியும் என்னிடம் இருந்தால் வசதி என்கிறார்கள்.

---

ஆலமரத்தடி

இரண்டாவதற்கு முதலில் பதில்: சாவி வேண்டாம். பேசித் தீர்க்க ஒன்றுமில்லை, வேண்டாம். வலி ஊசியில் இருந்து வந்தவர் கையில் மருந்துச் சாவியை நடு இரவில் கொடுக்க நினைக்கும் மையம் உங்கள் நோயைப் புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்தும் ஆள் பற்றாக்குறைக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறது. நீங்கள் ஒன்றும் செய்யமாட்டீர்கள் என்று நான் நம்பலாம், நீங்களே நம்பலாம், அது கேள்வியே இல்லை. களைப்பான ஒரு இரவில், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு இரவில், அந்த அலமாரிக்கும் உங்களுக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்க வேண்டும். என்றைக்காவது கணக்கில் ஒரு குப்பி குறைந்தால் முதலில் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும் என்பதையும் யோசியுங்கள். ஆலோசகர் வேலைக்கு வருகிறேன், மருந்துப் பொறுப்பு வேறொருவருக்கு, இதை எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு மையம் பாருங்கள்.

கதை விஷயம். நான் எனக்கு வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதை இப்போது சொல்வது யாருக்காக? எதிரே இருப்பவர், “உங்களுக்கென்ன தெரியும், நீங்கள் என்ன பட்டீர்கள்” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “நானும் அங்கே இருந்து வந்தவன்தான். ஆனால் உங்களுக்கு நடந்தது எனக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.” இவ்வளவு போதும். இரண்டே வாக்கியம், பேச்சு அவரிடமே திரும்பிவிட்டது. அவர் அழ ஆரம்பிக்கும்போது நாம் நம் கதையை எடுத்தால் அவர் அழுகையை நிறுத்திவிட்டு நமக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பார், நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். எந்த மருந்து, எவ்வளவு, எப்படி எடுத்தீர்கள் என்பதைச் சொல்லவே சொல்லாதீர்கள். கேட்கிறவருக்கு அதில் ஆசைதான் கிளம்பும், உங்களுக்கும்தான். இன்னும் ஆறாத விஷயம், இப்போது வீட்டில் நடப்பது, இதெல்லாம் உங்கள் மீட்டிங்குக்கு, உங்கள் ஸ்பான்சருக்கு. குழுவாக உட்காரவைத்துப் பேசும்போது, மீண்டு வந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லலாம், அவர்களுக்கு அது கண்ணில் தெரிய வேண்டும்.

அந்த அம்மா மாதிரி கையைப் பிடிப்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கையை உருவ வேண்டாம். நான் இருக்கிறேன், டாக்டரும் இருக்கிறார், மூன்று பேருமாகப் பார்ப்போம் என்று சொல்லி, அவரை டாக்டர் அறைக்கே திரும்பக் கூட்டிப் போங்கள். நீங்கள் சீட்டை எடுக்கச் சொன்னது அதே வேலைதான்.

ஒரு யோசனை, பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உடனே இப்போதைய வேலையை விடவேண்டாம். பயிற்சி முடியும்வரை பகுதி நேரமாகப் போங்கள், மேற்பார்வையாளர் யார், சாவி யாரிடம், உங்களுக்கு மறுபடி வந்தால் என்ன ஏற்பாடு, இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு. அவர்கள் கொடுக்கும் பதிலை இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.